பிள்ளைக்கு எதற்கு அந்த வேலை?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறார். இரவில் கடும் குறட்டை. நடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறார். கோவை டாக்டர் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்கித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். உடம்பெல்லாம் ஒயர் மாட்டுவார்களாம், இவர் கூச்சப்படுகிறார். தூக்க மாத்திரை போதாதா? இப்போதைக்கு, பள்ளி லீவு நாட்களில் மகனைப் பேச்சுத் துணைக்கு வண்டியில் அனுப்புகிறேன்.
- வாசகி, குன்னூர்

பதில்: கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டி வர முடியவில்லை. இரவுத் தூக்கம் கெட்ட அப்பா பர்லியாறு மலைவளைவுகளில் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பெற்ற பிள்ளையை ஏற்றி அனுப்புகிறீர்கள்! பள்ளி நடக்கும் நாட்களில் யார் எழுப்புகிறார்கள்? அப்பனைத் தாங்குவது மகன் கடமைதான், தலையெடுத்த பிறகு. இப்போது அவனைக் காப்பது உங்கள் இருவர் கடமை. அதற்குமுன் உங்கள் கணவரின் கூச்சத்துக்கு என்னிடம் மரியாதை இல்லை.

அந்த ஒயரில் கூச்சப்பட என்ன இருக்கிறது? ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. தலையில் பசை வைத்து ஒட்டுவார்கள். அதனால் அன்று எண்ணெய் தேய்க்கக் கூடாது. மூக்கடியில் சிறு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். பக்கத்து அறையில் ஒருவர் விடிய விடியக் கவனிப்பார். மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ, வெகுவாகக் குறைந்தாலோ கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவைக்குள் என்றால் கவலையில்லை. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. புது இடத்தில் தூக்கம் சரியாக வராதே என்பார். அரைகுறையாகத் தூங்கினாலும் பெரும்பாலும் விவரம் கிடைத்துவிடும்.

டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மூச்சடைப்பை அது இன்னும் மோசமாக்கலாம். குளிருக்கு என்று பிராந்தி போடுகிற வழக்கம் இருந்தால் அதுவும் அப்படியே. தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய் என்று உறுதியானால் இரவில் முகமூடி மாட்டிக் காற்றழுத்தம் தரும் கருவி இருக்கிறது. ஒழுங்காக மாட்டினால் பலருக்குப் பகல் தூக்கம் விலகும். நீங்கள் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் குடியிருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; கோவையில் இரவில் காட்டும் ஆக்சிஜன் அளவு குன்னூரில் சற்றுக் குறையலாம்.

இந்த வாரமே தேதி வாங்குங்கள். சிகிச்சை தொடங்கி, ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை வண்டிக்கு வேறு டிரைவரைப் போடுங்கள். கூலி போகும்தான், கடன் வாங்கியாவது போடுங்கள். பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். மூச்சு நின்றதைப் பார்த்தவர் நீங்கள். அவர் சொல்ல மாட்டார்.