சாவி திரும்பாத சைக்கிள் பூட்டை இரவல் மெஷின் வாங்கி நாமே அறுக்கலாமா?

கேட்டவரின் நிலைமை இது: யூ வடிவப் பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது, சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. சைக்கிளோ மாடிப்படி கிரில்லோடு சேர்த்துப் பூட்டியபடி நிற்கிறது. தெரிந்தவரிடம் கட்டிங் மெஷின் கிடைக்கும், வாங்கி வந்து நாமே வெட்டலாமா என்கிறார்.

வெட்டலாம். நான் வெட்டியிருக்கிறேன். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பூட்டு பெரும்பாலும் ஒரு வெட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. இந்த வேலையில் பயப்பட வேண்டியது பூட்டுக்கு இல்லை, மெஷினுக்கு. அதுவும் இரவல் மெஷின் என்றால் இன்னும் கூடுதலாக. அதன் ஸ்விட்ச் எங்கே சிக்கும், வயர் எந்த இடத்தில் பிய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதைத் தினமும் பிடிக்கிறவருக்குத்தான் தெரியும்.

அதற்கு முன்னால் வெட்டாமலே திறக்கிறதா என்று ஒரு நாள் பொறுமையாகப் பாருங்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயை (டபிள்யூடி-40 மாதிரி) சாவித் துளையிலும், கம்பி உள்ளே போகும் இரண்டு ஓட்டைகளிலும் நன்றாக அடித்து இரவு முழுக்க விடுங்கள். நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான், அதை மட்டும் ஊற்றாதீர்கள், தூசியைப் பிடித்துக்கொண்டு நாளாக நாளாகப் பிசினாகிவிடும். மறுநாள் சாவியை நுழைத்து, எடுத்து, துடைத்து, மறுபடி நுழைத்து என்று பல தடவை செய்தால் உள்ளே இருக்கும் கறுப்பு அழுக்கு சாவியிலேயே ஒட்டி வரும். சில பூட்டுகளில் உள்ளே பின் எனப்படும் சின்ன ஊசிகளுக்குப் பதில் வட்டு வட்டாக அடுக்கியிருப்பார்கள். அந்த வகையில் சாவியை முதலில் பூட்டும் பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டுத்தான் திறக்கும் பக்கம் திருப்ப வேண்டும், பாதியில் நின்ற வட்டுகள் அப்போதுதான் வரிசைக்கு வரும். ஒரு ஆள் யூ கம்பியை உள்பக்கமாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மரக்கட்டையால் பூட்டின் உடம்பைத் தட்டிக்கொண்டே சாவியை லேசாகத் திருப்பினால் பல பூட்டு வழிக்கு வந்துவிடும். கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்து முறுக்க வேண்டாம். சாவி உள்ளேயே உடைந்துபோனால் இருந்த ஒரே வழியும் அடைபடும்.

கேபிள் பூட்டு என்றால் மெஷினே தேவையில்லை, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கீறிவிட்டு நல்ல கம்பி வெட்டியால் புரி புரியாக நறுக்கினால் போதும். பின் சக்கரத்தோடு சேர்ந்த பழைய ரிங் லாக் என்றால் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். மெஷின் தேவைப்படுவது யூ பூட்டுக்கும் தடித்த சங்கிலிக்கும்தான். ஆக்ஸா பிளேடு போட்டு இழுத்துப் பார்த்தால் காரணம் புரியும்: கீச்சென்று வழுக்கும், ஒரு கோடு விழும், பிளேடின் பல்தான் மழுங்கும். இந்தக் கம்பிகளைச் சூடேற்றித் திடீரென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள், மேல்பரப்பு கிட்டத்தட்ட பிளேடின் பல் அளவுக்கே கடினமாகிவிடும். மெஷினில் சுற்றும் கட்டிங் வீல் வேலை செய்யும் விதமே வேறு, அதில் பிசின் வைத்துப் பிடித்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் எந்த எஃகையும்விடக் கடினம். அவை மழுங்கினால் உதிர்ந்துபோய் அடுத்த துகள் மேலே வரும்.

டிரில்லிங் மெஷின்தான் கிடைத்தது என்றால் விலை குறைந்த பூட்டில் சாவித் துளையிலேயே ஓட்டை போட்டு உள்பாகத்தைச் சிதைக்கலாம், அது பித்தளையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும். நல்ல பூட்டில் துளைக்கு முன்னால் கடினமான குண்டோ தகடோ வைத்திருப்பார்கள், பிட் மழுங்குவதுதான் மிச்சம். டைல்ஸ் வேலைக்காரர் தரும் மார்பிள் கட்டரில் கட்டிங் வீலை மாட்டி வெட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தரையில் படுக்க வைத்துத் தள்ளும் மெஷின், யூ கம்பி மாதிரி ஒரு பொருளின் மேல் அதை அந்தரத்தில் பிடித்து அடக்க முடியாது.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்துத் தெரு. கடல் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே துருவேறும் இடம், பூட்டு எம்மாத்திரம். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் விட்ட தம்பியின் சைக்கிள், மேலே சொன்ன வைத்தியம் எதற்கும் அசையவில்லை. தெரு முனையில் ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. அந்த அண்ணனிடம் போய்க் கேட்டபோது பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எங்க நிக்குது வண்டி? பக்கத்துல பைக்கு இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. கீழ்த்தளத்தில், சுற்றிலும் பைக்தான் என்றேன். “அதையெல்லாம் முதல்ல தள்ளிட்டு வா, அப்புறம் மெஷின் தரேன்” என்றார்.

இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். கட்டிங் மெஷினில் பறக்கும் பொறி என்பது எரிந்துகொண்டே போகும் இரும்புத் துகள். சில மீட்டர் தூரம் சர்வசாதாரணமாகப் போகும். பெட்ரோல் டேங்க், ஒழுகும் கார்புரேட்டர், எண்ணெய்த் துணி, அட்டைப் பெட்டி, மூலையில் குவித்த பழைய செய்தித்தாள் எல்லாம் அந்த வழியில் இருக்கவே கூடாது. கார் கண்ணாடியில் பட்டால் துகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு அங்கே துருப்புள்ளி விழும், சும்மா தேய்த்தால் போகாது. முந்தைய நாள் பூட்டில் அடித்த ஸ்ப்ரேயும் எரியக்கூடியதுதான், அதனால் வெட்டும் முன் பூட்டை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்று எங்காவது புகைகிறதா என்று பாருங்கள்.

இப்போது மெஷின். பட்டறையில் ஏஜி4 என்று கேட்டால் கிடைக்கும், 4 அங்குல வீல் போடும் சின்ன கிரைண்டர். 600, 700 வாட் இருந்தாலே இந்த வேலைக்குப் போதும், கிட்டத்தட்ட 3 ஆம்பியர்தான் இழுக்கும், வீட்டுச் சாதாரண பிளக்கிலேயே ஓட்டலாம். வீல் நிமிடத்துக்கு 11,000, 12,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்தால் அந்தத் துண்டும் அதே வேகத்தில்தான் கிளம்பும். கார்டு என்று ஒரு பாதி வட்டத் தகடு இருப்பது அதற்காகத்தான். பட்டறை மெஷின்களில் பெரும்பாலும் அதைக் கழற்றி எங்கேயாவது போட்டிருப்பார்கள், மூலை முடுக்கில் வெட்ட இடைஞ்சல் என்பதால். கேட்டு வாங்குங்கள். அந்த அண்ணனிடம் கேட்டதும் பெஞ்சுக்கு அடியில் கை விட்டுத் துழாவி, இரும்புத் தூள் அப்பிய கார்டை எடுத்துத் தட்டி மாட்டிக் கொடுத்தார். பக்கவாட்டுக் கைப்பிடியையும் கேளுங்கள். கார்டு இல்லாத மெஷின்தான் இருக்கிறது என்றால் அதை வாங்காதீர்கள், என்ன அவசரமானாலும் சரி.

வீலைப் புதிதாக நீங்களே வாங்குங்கள், 4 அங்குலம், 1 மில்லிமீட்டர் தடிமன், உலோகத்துக்கானது. விலை அற்பம், ஒன்றுக்கு மூன்றாக வாங்கிக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் பல கம்பெனிகள் காலாவதி மாதம் அச்சடித்திருக்கும், பிசின் நாள்பட்டால் வலுவிழந்துவிடும் என்பதால். வீலில் போட்டிருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. 5 அங்குல வீலை 4 அங்குல மெஷினில் கார்டைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். பட்டறையில் கிடக்கும் பாதி தேய்ந்த வீலைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், அது கீழே விழுந்து விரிசல் விட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது.

ஸ்விட்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன மெஷின்கள் பலவற்றில் தள்ளும் ஸ்விட்ச், முன்னால் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் ஓடும். முந்தைய வேலையில் கரண்ட் போய், ஸ்விட்ச்சை அணைக்காமலே யாராவது வயரைப் பிடுங்கி வைத்திருந்தால், நீங்கள் பிளக்கைச் சொருகிய நொடியில் மெஷின் தரையில் கிடந்தபடியே துள்ளிக் கிளம்பும். அதனால் சொருகும் முன் ஸ்விட்ச்சின் பின்பக்கத்தை அழுத்தி ‘டக்’ என்று அது பின்னால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீல் மாட்டும்போதும் பிளக் கழன்றிருக்க வேண்டும். வயரில் டேப் சுற்றியிருந்தால் அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள். தரையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். பிளக் பாயிண்ட் பக்கத்தில் இல்லையென்றால் இழுத்துக் கட்டிய எக்ஸ்டென்ஷனைவிட பேட்டரியில் ஓடும் கிரைண்டர் நல்லது, 18 வோல்ட் மெஷினில் முழுதாக ஏறிய பேட்டரி ஒன்றிருந்தால் யூ பூட்டு வெட்டிவிடும்.

உடைக்கு: லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் கூடாது. காட்டன் ஜீன்ஸ், மூடிய செருப்பு அல்லது ஷூ, தோல் கையுறை. நூல் கையுறை வேண்டாம், நூல் வீலில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்கு கூலிங் கிளாஸ் உதவாது, பக்கங்களையும் மூடுகிற கண்ணாடியை ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். இரும்புத் துகள் கருவிழியில் பதிந்தால் சில மணி நேரத்திலேயே சுற்றிலும் துரு வளையம் கட்ட ஆரம்பிக்கும், கண் மருத்துவர்தான் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். உறுத்தல் இருந்தால் கசக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், வீட்டில் ஆள் வைத்து ஊதிப் பார்க்க வேண்டாம்.

வெட்டும் இடம். வளைவில் வெட்டாதீர்கள், நேரான காலில், சைக்கிளின் குழாயிலிருந்து முடிந்தவரை தள்ளி. குழாயைச் சுற்றிப் பிழிந்த ஈரச் சாக்கு, அதற்கு மேல் ஒரு இரும்புத் தகடு. டயரையும் மூடுங்கள். கார்பன் ஃபிரேம் என்றால் சூடும் பொறியும் பட்டாலே பிசின் கெடும், இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பூட்டு அசையக் கூடாது, அதே சமயம் சைக்கிளின் பாரம் அதன்மேல் தொங்கவும் கூடாது. வெட்டு ஆழமானதும் பாரம் அழுத்தி இடைவெளி மூடினால் வீலை இடுக்கிபோலக் கவ்விக்கொள்ளும், மெஷின் உங்களை நோக்கி எகிறும். எகிறுவது வீல் சுற்றும் அதே தளத்தில்தான், அதனால் உடம்பும் முகமும் அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாக இருக்க வேண்டும். சைக்கிளுக்கு அடியில் செங்கல் வைத்து பாரத்தைத் தாங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புது வீலை மாட்டியதும் முதல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், யாரும் எதிரில் நிற்காமல். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து, சுற்ற ஆரம்பித்த வீலை மெதுவாகக் கம்பியில் இறக்குங்கள். அழுத்த வேண்டாம், மெஷினின் எடையே போதும். சத்தம் கம்மினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூடத் திருப்பக் கூடாது, 1 மில்லிமீட்டர் வீல் அதைத் தாங்காது. கருகிய பிசின் வாடை மூக்கில் ஏறும், அது இயல்பு. கம்பி அறுந்து விழும் கடைசி நொடியில் மெஷின் சடக்கென்று கீழே இறங்கும், அதற்குத் தயாராக முழங்கை விறைப்பாக இருக்கட்டும். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் வீல் சில நொடிகள் சுற்றும், நின்ற பிறகுதான் கீழே வைக்க வேண்டும்.

ஒரு வெட்டிலேயே சில பூட்டுகள் திருகினால் கழன்றுவிடும். இரண்டு காலும் உள்ளே பூட்டிக்கொள்ளும் வகையில் அது நடக்காது, கெட்டிப்படுத்திய கம்பியைக் கையால் விரிக்க முடியாது, மற்ற காலையும் வெட்டத்தான் வேண்டும். எங்களுடையது அந்த வகை. முதல் வெட்டு முடிந்ததும் தம்பி ஆசையாகப் பூட்டை இழுக்கப் போனான், நல்லவேளை அண்ணன் கையைத் தட்டிவிட்டார். வெட்டிய முனை பார்க்கச் சாதாரணமாக இருக்கும், தொட்டால் தோல் உரிந்துவிடும். தண்ணீர் ஊற்றி ஆறவைத்த பிறகு தொடுங்கள்.

ஆமாம், அந்த அண்ணன் மெஷினோடு தானும் வந்துவிட்டார். முதல் வெட்டு அவர், இரண்டாவது நான், அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. இதுவரை கிரைண்டர் பிடித்தே பழக்கமில்லை என்றால் மெஷினை மட்டும் இரவல் வாங்காமல் ஆளையும் கூப்பிட்டு வரச் சொல்வேன். பட்டறையில் உள்ளவர்கள் இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை, கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும், அதனால் இது உங்கள் சைக்கிள்தான் என்று மற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அடுக்ககம் என்றால் செகரெட்டரிக்கும் வாட்ச்மேனுக்கும் சொல்லிவிட்டு குழுவில் ஒரு செய்தி போடுங்கள். ரயில் நிலைய ஸ்டாண்டிலோ அலுவலக வாசலிலோ என்றால் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்காமல் மெஷினை எடுக்கவே வேண்டாம். பில் கையில் இருக்கட்டும், பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் குத்தியிருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான் என்று காட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. கேட்கிறவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் கேட்பதுதான் சரி.

மெஷினைத் திருப்பும்போது தூளை ஊதித் துடைத்து, தேய்ந்த வீலைக் கழற்றிவிட்டு, மீந்த புது வீல்களையும் சேர்த்துக் கொடுங்கள். கார்டை மாட்டியபடியே கொடுங்கள், அடுத்து அதைப் பிடிக்கிறவருக்கும் அது தேவைப்படும்.