எந்த நாட்டில் இருந்தார் என்று டாக்டர் ஏன் கேட்கிறார்?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வாப்பாவுக்கு 67 வயது. பல வருடம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். இரண்டே மாதத்தில் ஞாபகம் தப்பி, நடை தள்ளாடி, கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது. மதுரையில் காட்டினோம். சிஜேடி என்று சந்தேகப்படுகிறார்கள். எந்த வருடம் எங்கே இருந்தார் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். அங்கே சாப்பிட்டதால் வந்ததா? உம்மாதான் ஊட்டிவிடுகிறார், எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?"

சிஜேடி (குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்) என்பது மூளையை வேகமாகச் சிதைக்கும் ஓர் அரிய நோய். அது ஒட்டாது. உம்மா தாராளமாக ஊட்டிவிடலாம். தொடுவதாலோ, இருமலாலோ, ஒரே சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் தட்டில்) சாப்பிடுவதாலோ இந்த நோய் பரவுவதில்லை. விழுங்கச் சிரமப்படுவார் என்பதால் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பயந்துகொண்டு சொந்தக்காரர்கள் ஒதுங்கவே வேண்டாம்.

நம் எல்லோர் மூளையிலும் பிரியான் என்ற புரதம் இருக்கிறது. சிஜேடி அதிலிருந்துதான் தொடங்குகிறது. அது தவறாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடியவைக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் ஒரு பரலைப் பிடித்துக்கொண்டு மற்ற உப்பு படிகிறதே, அப்படித்தான் இதுவும் நார்நாராகத் திரள்கிறது. நரம்பணுவைக் கொல்வது அந்த நீண்ட நார்களா, அதற்கு முந்தைய சிறு திரள்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். முதுகுத் தண்டு நீரில் செய்யும் ஆர்டி-குயிக் என்ற சோதனை இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறது. ஆய்வகத்தில் தயாரித்த நல்ல புரதத்தோடு நோயாளியின் நீரில் சில துளிகளைச் சேர்த்து, விட்டுவிட்டுக் குலுக்குவார்கள். கெட்ட புரதம் இருந்தால் நார்கள் வளரும், கூடவே போட்ட சாயம் ஒளிரும்.

இனி பயண விஷயம். 1986-இல் பிரிட்டன் மாடுகளில் பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டது. மாட்டுக்கே மாட்டின் எச்சங்களைத் தீவனமாகப் போட்டதில் அது பெருகியது. அந்த இறைச்சி வழியாக மனிதருக்கு வந்த சிஜேடி வகையை 1996-இல் அடையாளம் கண்டார்கள். பிரிட்டனில் மட்டும் 178 பேருக்கு வந்தது. அமெரிக்காவில் பதிவான நான்கு பேரில் ஒருவருக்குக்கூட அது அங்கே தொற்றியதாகத் தெரியவில்லை. இருவர் பிரிட்டனில் வளர்ந்தவர்கள், ஒருவர் சவூதியில் வளர்ந்தவர். நான்காமவர் வாழ்ந்த நாடுகளை அலசியதில், தொற்றியிருக்கக்கூடிய இடங்களில் குவைத்தும் வந்தது. ஆகவே வளைகுடாவில் இருந்தவரிடம் டாக்டர் கேட்பது நியாயம்தான்.

ஆனால் இதைக் கேட்டு நீங்கள் கலங்கக் கூடாது. அந்த வகை பெரும்பாலும் இளவயதினரைத் தாக்கியது. இறந்தவர்களின் இடைநிலை வயதே 28. முதலில் மனச்சோர்வும் பதற்றமும் வந்து, ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். உங்கள் வாப்பாவின் வயதும் வேகமும், காரணமே இல்லாமல் தானாக வரும் வகைக்குத்தான் அதிகம் பொருந்துகின்றன. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு அது வரும், சிஜேடியில் சுமார் 85 சதவீதம் அதுதான். எந்த நாட்டுச் சாப்பாட்டையும் அதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

இருந்தாலும் எதையும் விடாமல் எழுதிக் கொடுங்கள். பீரோவில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து முத்திரைத் தேதிகளைப் பாருங்கள். 1980 முதல் 1996 வரையான காலம் முக்கியம். பிரிட்டனில் இருந்தாரா, அங்கே ரத்தம் ஏற்றினார்களா, எங்காவது மூளை அறுவை சிகிச்சை நடந்ததா என்பதும் வேண்டும். விசா இல்லாமல் தங்கிய மாதங்களைச் சில குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. டாக்டர் கேட்பது நோய்க்காக, அவரிடம் மறைக்காதீர்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று. இதே மாதிரி தோன்றி, சிகிச்சையால் சரியாகிற நோய்கள் இருக்கின்றன: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி, காசநோய் மூளைக்காய்ச்சல், தைராய்டு, பி12 குறைவு, சோடியம் குறைவு, மண்டைக்குள் ரத்தக்கட்டு. இவை எல்லாவற்றையும் பார்த்தாயிற்றா என்று நேரடியாகக் கேளுங்கள். எம்ஆர்ஐயில், மூளைத் திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படமும் எடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

அப்புறம், சிஜேடி என்றே உறுதியானால் அதைக் குணப்படுத்த இன்று மருந்து இல்லை. வெட்டி இழுப்பதைக் குறைக்க மாத்திரை உண்டு. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பேருக்கு மரபணு வழியாக வருகிறது. வாப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ இப்படி இருந்திருந்தால் சொல்லுங்கள். கண்ணிலோ மூளையிலோ அறுவை சிகிச்சை என்றால் இந்தச் சந்தேகத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். வழக்கமான நீராவிச் சூட்டுக்கு இந்தப் புரதம் முழுதாக அழியாது, கருவிகளை அவர்கள் தனியாகக் கையாள வேண்டியிருக்கும்.