கடலோரத்தில் முடியும் தண்டவாளம்

அன்புள்ள ஐயா,

நார்வேயின் ரௌமா ரயில் பாதை பற்றிய காணொளி ஒன்று பார்த்தேன். கடைசி நிலையமான ஓன்டல்ஸ்னெஸ், இரண்டாயிரம் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். அதற்காகவா மலையைக் குடைந்து பாதை போட்டார்கள்? சுற்றுலாவுக்குத்தானே?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

சுற்றுலாவுக்கு அல்ல. வெளிநாட்டுப் பயணிகள் ரயில் வருவதற்கு முன்பே கப்பலில் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேற்குக் கடற்கரை ஊர்களைத் தலைநகரோடு இணைப்பதுதான் நோக்கம். 1912இல் தொடங்கிய வேலை 1924 நவம்பரில்தான் முடிந்தது. பாதை தொடங்கும் மலையூரான டொம்போஸிலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் கீழே, கடல்மட்டத்துக்கே இறங்க வேண்டும். சரிவைக் குறைக்கவே ஸ்தாவெம் சுரங்கம் மலைக்குள் வளைந்து திரும்புகிறது. ரௌமா ஆற்றுக்கு 59 மீட்டர் உயரத்தில் ஷில்லிங் என்ற கல் பாலம் நிற்கிறது. மோல்டே, ஓலெசுன் என்ற கடற்கரை ஊர்கள் வரை மேலும் நீட்டிக்கும் திட்டம் இருந்தது. நடக்கவில்லை. பாதை 114 கிலோமீட்டரோடு நின்றது.

அப்படி நின்றதுதான் இந்த நிலையத்துக்கு உயிர் கொடுத்தது என்பேன். தண்டவாளமும் துறைமுகமும் அடுத்தடுத்து இருக்கும் இடம் அது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி படையெடுத்தபோது, நார்வே மத்திய வங்கியின் தங்கம், சுமார் 50 டன், ஓஸ்லோவிலிருந்து லாரிகளில் லில்லெஹாம்மருக்குத் தப்பியது. அங்கிருந்து ரயிலில் ஓன்டல்ஸ்னெஸுக்கு. வழியில் டொம்போஸ் அருகே ஜெர்மன் பாராசூட் படையினர் குதித்துப் பாதையை மறித்திருந்தார்கள். ஏப்ரல் 19இல் அவர்கள் சரணடைந்த பிறகே வழி திறந்தது. ஓன்டல்ஸ்னெஸிலும் ஓயாத குண்டுவீச்சு. நார்வேக்கு உதவ வந்த பிரிட்டிஷ் படை அங்கேதான் கரையிறங்கியிருந்தது. எனவே தங்கப் பெட்டிகளோடு ரயிலைச் சற்றுப் பின்னால், செங்குத்து மலையடியில் இருந்த சின்ன நிலையமொன்றில் ஒளித்துவைத்தார்கள். ஒரு பகுதி ஓன்டல்ஸ்னெஸிலேயே 'கலாட்டியா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறியது. மீதி லாரிகளில் மோல்டேக்குப் போயிற்று. குண்டுகளில் ஓன்டல்ஸ்னெஸின் பெரும்பகுதி அழிந்தது. ஒரு நாட்டின் கஜானாவைக் காப்பாற்றக் கைகொடுத்த பாதையை வெறும் வேடிக்கைப் பாதை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்றும் டீசல் ரயில்தான், மின்மயமாகவில்லை. ரயில் வரும் நேரத்தை ஒட்டி மோல்டேக்கும் ஓலெசுன்னுக்கும் பேருந்துகள் கிளம்புகின்றன. அன்று போடாமல் விட்ட பாதையின் வேலையை இன்று பேருந்து செய்கிறது. நிலைய வளாகத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றைச் சிறு தேவாலயமாக்கியிருக்கிறார்கள், அதையும் பாருங்கள்.

ஓஸ்லோவிலிருந்து போனால் டொம்போஸில் ரயில் மாற வேண்டும். அங்கேயே திரும்பிவிடாமல், பேருந்தில் ஓலெசுன் வரை போய் வாருங்கள்.