மஹிந்திரா தார் 4×4 வண்டியை ஆர்டிஓ, இன்சூரன்ஸ் தொல்லை இல்லாமல் ஆஃப்ரோடுக்கு எப்படித் தயார் செய்வது?

2020இல் வந்த மூன்று கதவு தாரை மனதில் வைத்துச் சொல்கிறேன். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், கூடுதல் விளக்கு வரிசையான எல்இடி பார் மூன்றையும் மறந்துவிடுங்கள். அந்தக் காசை டயரிலும், வண்டியின் அடிப்பகுதியிலும், சிக்கினால் மீட்க உதவும் சாமான்களிலும் போடுங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, காட்டுப்பாதையில் பலன் தருவதும் இவைதான்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான ‘புல் பார்’ (bull bar) கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. முன்பக்கம் ஸ்பாட் லைட் வைக்க மோட்டார் வாகன விதி 111 தடை போடுகிறது. கவர் போட்டு மூடி வைத்தாலும், அது வண்டியில் பொருத்தியிருப்பது பொருத்தியிருப்பதுதான்.

லிஃப்ட் ஏன் வேண்டாம்? தாரின் முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன், அதாவது இரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். இடையில் ஸ்பேசர் என்னும் கட்டையைப் போட்டு 50 மி.மீ. தூக்கினால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயிண்ட் எப்போதும் கூடுதல் கோணத்திலேயே சுழலும். அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், ஜாயிண்ட் போகும். சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் ஸ்பேசர் தின்கிறது. சஸ்பென்ஷனின் மொத்த அசைவு ஒரு மி.மீ. கூடக் கூடுவதில்லை. பின்னால் இருப்பது ஒரே துண்டான ஆக்சில். பாடியை எவ்வளவு தூக்கினாலும் அதன் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். பாறை முதலில் தட்டுவது அங்கேதான். அதை உயர்த்த ஒரே வழி டயரின் விட்டம். கம்பெனி கொடுக்கும் 226 மி.மீ. தரை இடைவெளியும் (கிளியரன்ஸ்), 41 டிகிரிக்கு மேற்பட்ட முன்பக்க ஏறுகோணமும் நம் ஊர்க் கரடுமுரடுக்குத் தாராளம்.

டயருக்கு வருவோம், விஷயமே இங்கேதான். 18 அங்குல ரிம்மோடு வரும் 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. இதற்குப் பதில் 255/70 ஆர்18 போட்டால் 814 மி.மீ. ஆகும். விட்டம் 25 மி.மீ. கூடினாலும் தரை இடைவெளி அதில் பாதி, அதாவது 12–13 மி.மீ.தான் கூடும். மீட்டர் முன்பு துல்லியமாக இருந்தால், இப்போது 100 காட்டும்போது உண்மையில் 103இல் போவீர்கள். சட்டமும் டயரைச் சும்மா விடவில்லை: 52ஆம் பிரிவை மாற்றிய 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நோக்கவுரையே, கூடுதல் திறன் கொண்ட டயராக மாற்றுவதையும் தடுக்க வேண்டிய மாற்றமாகக் குறிப்பிடுகிறது.

அதனால் என் தேர்வு எதிர்த்திசையில். இதே தாரின் 16 அங்குல ரிம் வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த 245/75 ஆர்16 அளவில் ரோடு, காடு இரண்டுக்கும் ஏற்ற ஒரு நல்ல ஆல் டெரெய்ன் டயர். விட்டம் 774 மி.மீ., கிளியரன்ஸில் 7 மி.மீ. இழப்பு. ஆனால் டயரின் பக்கச்சுவரான சைடுவால் 166 மி.மீ.யிலிருந்து 184 மி.மீ. ஆகிறது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது கல்லின்மேல் மடங்கிப் பிடிப்பது இந்த சைடுவால்தான். ரிம் அடிபடாமல் காப்பதும் அதுவே. அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் தந்த அளவு என்பதால் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் வாதத்துக்கு இடம் குறைவு. டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸ், அதன் உச்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்து இரண்டும் கதவோரத்திலோ கையேட்டிலோ சொன்னதற்குக் குறையக்கூடாது. ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே அமரும் என்பதைச் சொல்லும் ஆஃப்செட்டும் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும். சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே துருத்தினால் வீல் பேரிங்கின் ஆயுள் குறையும், கண்ணில் படும் முதல் குற்றமும் அதுதான்.

டயர் வாங்கும் நாளிலேயே ஒரு காற்றுக் கம்ப்ரசரும் காற்றழுத்தம் பார்க்கும் கேஜும் வாங்குங்கள். கல், வேர் நிறைந்த பாதையில் 20–22 பிஎஸ்ஐ, சேற்றில் 18–20, மணலில் 15–18. பதினைந்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். குறைந்த காற்றில் வேகம் 30ஐத் தாண்டக்கூடாது; தார்ச்சாலை ஏறுமுன் காற்றை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சைடுவால் சூடேறி உள்ளிருந்தே பிரியும். பெரிய கம்ப்ரசர் 25–30 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போகும்; நேரே பேட்டரியில் கிளிப் போடுங்கள்.

அடிப்பகுதிக்கு 3–4 மி.மீ. எஃகு அல்லது 6 மி.மீ. அலுமினியத் தகடு. ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு நேரே ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்6 டீசல் வண்டியில் இன்னொரு கவலை உண்டு. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது கடுமையாகச் சூடாகும். தகட்டுக்கும் அதற்கும் நடுவில் காய்ந்த புல் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். புல்வெளியில் ஓடியபின் குனிந்து பார்த்து உடனே அகற்றிவிடுங்கள்.

பலரும் விட்டுவிடும் மலிவான வேலை ஆக்சில் பிரீதர், அதாவது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சிறு துளை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். ஒரு ரப்பர் ஹோஸைப் பிரீதரில் மாட்டி, இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய் நுனியில் சின்ன ஃபில்டர் வைத்தால் போதும். வெளியே எதுவும் தெரியாது. தாருக்குச் சொல்லப்படும் 650 மி.மீ. நீராழத்துக்குள் இருந்தால் இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நார்க்கல் குழாய் வேண்டாம். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்; சிலிண்டரில் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளையும். ஓடையைத் தாண்டிய அதே வாரத்தில் கியர் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டாரான வின்ச் வைக்க இரும்பு பம்பர் தேவைப்படும். இரண்டும் சேர்ந்து 80 கிலோ முன் ஆக்சிலில் ஏறும், ஏர்பேக் கணக்குப் போட்டு வைத்த முன்பக்க நொறுங்கும் பகுதியும் மாறிவிடும். அதற்குப் பதில் சக்கரத்தின் கீழ் வைக்க இரண்டு மீட்புப் பலகை, ஒரு நல்ல மண்வெட்டி, கயிற்றை வண்டியில் மாட்ட 4.75 டன் முத்திரை போட்ட இரண்டு ஷாக்கிள் கொக்கி, இன்னொரு வண்டியால் இழுக்க நீண்டு சுருங்கும் ஒரு கைனெட்டிக் கயிறு. கயிற்றின் அறுபடும் பலம் இரண்டு வண்டிகளில் இலேசானதன் முழுச்சுமை எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கயிறு நீளாது, வேலையும் செய்யாது. பின்னால் டிரெய்லர் இழுக்க உள்ள உருண்டையான டோ பாலில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டாகப் பாய்ந்து ஆளைக் கொல்லும்.

எங்கே ஓட்டுவது என்பதும் சட்டத்தில் சேர்த்திதான். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் வண்டி எவ்வளவு சரியாக இருந்தாலும் வழக்கு வரும். உரிமையாளரிடம் கேட்டுத் தனியார் நிலத்தில் ஓட்டுங்கள்.

தகடு, ரிம், டயர் பில்களைப் பத்திரப்படுத்தி, மாற்றிய வாரமே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் அதைப் பதிவு செய்யும் எண்டார்ஸ்மெண்ட் வாங்குங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து வீல் நட்டுகளையும் தகட்டின் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள்.