ஆக்சியான் போலாரிட்டான் இடைவெளி ஏன் தோன்றவில்லை?

வணக்கம். காட்பாடியில் முதுகலை இயற்பியல் பயிலும் தாங்கள், காந்தப்புலத்தை எவ்வளவு கூட்டினாலும் கணக்கீட்டில் ஆக்சியான் போலாரிட்டானின் (ஒளியும் பொருளின் காந்த அலைவும் கலந்து உருவாகும் கலப்பு அலையின்) இடைவெளி, அதாவது ஒளி பொருளுக்குள் பரவ முடியாத அதிர்வெண் பட்டை, தோன்றவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் அமைப்பில் நிலைக்காந்தப்புலம் ஒளியின் மின்புலத்திற்குச் செங்குத்தாக உள்ளது, கோளாறு அங்கேதான். மின்புலம், காந்தப்புலம் ஆகியவற்றின் புள்ளிப்பெருக்கத்தோடுதான் ஆக்சியான் புலம் (பொருளின் காந்த அலைவைக் குறிக்கும் புலம்) இணைகிறது என்பதால், நிலைக்காந்தப்புலத்திற்கு இணையான மின்புலக் கூறு மட்டுமே பொருளின் காந்த அலைவோடு கலந்து, ஒளி, காந்த அலைவு ஆகியவற்றின் இரு அதிர்வெண் கிளைகளும் வெட்டிக்கொள்ளாமல் விலகி, ஒளி எதிரொளிக்கப்படும் இடைவெளியைத் திறக்கும். புலம் கூடக் கூட அது அகலும். ஆகவே தளவிளைவுத் திசையை (ஒளியின் மின்புலம் அதிரும் திசையை) 90 பாகை திருப்புங்கள். புலம் அலை செல்லும் திசையிலேயே இருந்தால் திருப்பியும் பயனில்லை.

பிற்பாடு இந்த இடைவெளியை மாங்கனீசு பிஸ்மத் டெல்லூரைடு என்ற காந்தப் படிகத்தில் அளக்க எண்ணினால், அதற்குத் தேவையான எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு (அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைவது) ஏறத்தாழ 25 கெல்வினுக்குக் கீழேதான் நிலைக்கும். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் போதாது, ஹீலியம் வேண்டும்.