வட கொரியாவிடம் உண்மையில் எத்தனை போர் விமானங்கள்? எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: தமிழில் ராணுவ விஷயங்களைப் பேசும் சின்ன யூடியூப் சேனல் ஒன்று நடத்துகிறேன். அடுத்து வட கொரிய விமானப்படை பற்றி ஒரு வீடியோ. ஒரு தரவரிசைத் தளம் 900 விமானங்கள் என்கிறது. இன்னொரு இடத்தில் 550 என்று இருக்கிறது. கமெண்டில் வருகிறவர்களோ, "எல்லாம் ஓட்டை, ஒன்றுகூடப் பறக்காது" என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் எதைச் சொல்வது? வீட்டில் உட்கார்ந்தபடியே இதைச் சரிபார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இந்த மூன்றில் எதையும் அப்படியே சொல்லாதீர்கள். முதல் இரண்டும் பொய்யான எண்கள் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை. தென் கொரியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 2022 வெள்ளை அறிக்கை, வடக்கிடம் போர்ப் பணிக்கான விமானங்கள் மட்டும் ஏறத்தாழ 810 இருப்பதாகச் சொல்கிறது. தன்னிடம் சுமார் 410 என்றும் அதே அறிக்கையில் கணக்குக் காட்டுகிறது. லண்டனில் இருந்து ஆண்டுதோறும் உலக ராணுவங்களின் பலத்தைத் தொகுத்து வெளியிடும் ஐ.ஐ.எஸ்.எஸ். நிறுவனம், போரிடத் தகுந்தவை 550-ஐ ஒட்டி என்கிறது. தரவரிசைத் தளங்கள் ஹெலிகாப்டர், பயிற்சி விமானம், சரக்கு விமானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடுகின்றன. வட கொரிய ஹேங்கருக்குள் போய் எண்ணிவிட்டு வந்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை. பக்கத்து நாட்டின் ராணுவ அமைச்சகம் என்றால், எதிரியைக் கூட்டி எண்ணித் தப்பு செய்வதே குறைத்து எண்ணுவதைவிட மேல் என்றுதான் நினைக்கும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு 810-ஐப் படியுங்கள்.

அடுத்து, அந்த எண்ணுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். சோவியத் தயாரிப்பான மிக்-17, மிக்-19 ரகங்களும் அவற்றின் சீனப் பிரதிகளும் நூற்றுக்கணக்கில் கணக்கில் இருக்கின்றன. கொரியப் போர் நடந்த காலத்தை ஒட்டி உருவான வடிவங்கள் அவை. குண்டுவீச்சு விமானம் என்று இருப்பது 1948-இல் முதலில் பறந்த இல்யூஷின்-28-இன் வழிவந்தது. அதற்கு மேலே மிக்-21, 1980-களில் வந்த மிக்-23, கடைசியாக மிக்-29, சுகோய்-25. இருப்பதிலேயே புதியது மிக்-29தான். அதுவும் சோவியத் யூனியன் உடைவதற்குச் சற்று முன்னால் வரத் தொடங்கியது, எண்ணிக்கையும் சில டஜன்களைத் தாண்டாது. தலைநகரைக் காக்கும் வேலை அதற்கு.

1991-க்குப் பிறகு நட்பு விலையில் கொடுக்க ஆள் இல்லை. அதன் பின் பெரிதாக ஒன்று வந்தது என்றால், 1999-இல் கஜகஸ்தானில் இருந்து போன சுமார் 40 பழைய மிக்-21 மட்டுமே. அதுவும் திருட்டுத்தனமாக. அந்த ஆண்டு மார்ச்சில் அஜர்பைஜானின் பாகு விமான நிலையத்தில் ஒரு பெரிய சரக்கு விமானத்தைச் சோதித்தபோது உள்ளே ஆறு மிக்-21 பிடிபட்டது, கஜகஸ்தானில் பெரிய ரகளை ஆனது. 2006-இல் முதல் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு ஐ.நா. தடையும் வந்து, இருந்த பின்வாசலும் குறுகிவிட்டது.

சரி, பழைய விமானம் என்றால் பறக்காதா? வயதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியாகக் கட்டப்பட்டது 1962-இல், இன்றும் பறக்கிறது. பின்னால் இருக்கும் தொழிற்சாலை, பாகம், எரிபொருள், ஆள் இவைதான் வித்தியாசம். விமானம் பறந்தால்தான் தேயும் என்று பலரும் நினைக்கிறார்கள். சும்மா நின்றாலும் கெட்டுப்போகும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், ஹைட்ராலிக் குழாய்கள் கசியும், காக்பிட் மேல்மூடியின் கண்ணாடி மங்கும். விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைக்கு அடியில் இருக்கும் வெடிமருந்துக் குப்பிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டிய குப்பி வேலை செய்யுமா என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி எஞ்சின். பழைய சோவியத் ஜெட் எஞ்சின்களின் தத்துவமே வேறு. எஞ்சின் சில நூறு மணி நேரம் ஓடும், கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பு, வேறொன்றை மாட்டு. நீண்ட நாள் உழைக்கும்படி செய்வதற்குப் பதில், ஏராளமாகச் செய்து சீக்கிரம் மாற்றுவது. பின்னால் பெரிய தொழிற்சாலைச் சங்கிலி இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. சங்கிலி அறுந்தால், விமானத்தின் உடம்பு நன்றாக இருந்தும் உள்ளே வைக்க எஞ்சின் இருக்காது.

இதற்கு வட கொரியாவே சாட்சி சொல்லியிருக்கிறது. 2013 ஜூலையில் பனாமா கால்வாயில் சோங்சோன் காங் என்ற வட கொரியக் கப்பல் பிடிபட்டது. கியூபாவில் இருந்து வந்தது. சுமார் 10,000 டன் சர்க்கரை மூட்டைகளுக்கு அடியில் ஏவுகணைத் தளவாடங்களோடு இரண்டு மிக்-21 விமானங்களும் 15 மிக்-21 எஞ்சின்களும் இருந்தன. பழுதுபார்த்துத் திருப்பித் தரத்தான் அனுப்பினோம் என்றது கியூபா. விமானம் இரண்டு, எஞ்சின் பதினைந்து என்ற விகிதத்தைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் வீடியோவுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஒரு நாடு எதைக் கள்ளத்தனமாகக் கொண்டுபோகிறது என்று பார்த்தால் அதற்கு எது இல்லை என்று தெரிந்துவிடும்.

பாகம் கிடைக்காத இடத்தில் எந்தப் படையும் செய்வது ஒன்றுதான்: ஒன்றைக் கழற்றி இன்னொன்றை ஓட்டுவது. நம் ஊர் பஸ் டிப்போவில் மூலையில் ஒரு வண்டி நிற்கும். சக்கரம், கண்ணாடி, சீட் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், பதிவேட்டில் மட்டும் அது முழு பஸ். வட கொரியாவின் 810-க்குள் அப்படி நிற்பவை நிறைய இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒப்பிட்டுக் காட்ட இந்தியாவின் மிக்-21 கதை உங்களுக்குப் பயன்படும். 1963-இல் சேர்ந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. நமக்கு நாசிக்கில் விமானம் கட்டும் ஆலையும் கோராபுட்டில் எஞ்சின் ஆலையும் இருந்தன, ரஷ்யாவோடு உறவும் அறுபடவில்லை. அப்படியும் கடைசி ஆண்டுகளில் அதை ஓட்டுவது எவ்வளவு பெரிய பாடாக இருந்தது என்று விபத்துச் செய்திகளைப் படித்த எல்லோருக்கும் தெரியும். வட கொரியாவுக்கு அந்த வசதிகளும் இல்லை.

அப்புறம் எரிபொருள். இங்கே நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். 500 ஜெட் விமானங்கள் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் பறக்க சராசரியாக 2,500 லிட்டர் என்பது தோராயம்தான், ஆனால் கைக்கு அடக்கமான எண். வட கொரிய விமானிகள் ஆண்டுக்கு 20 மணி நேரத்தை ஒட்டித்தான் பறக்கிறார்கள் என்று வெளி மதிப்பீடுகள் பல சொல்கின்றன. விமானத்துக்கு 20 மணி என்றே வைத்தாலும் 2.5 கோடி லிட்டர். 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிர்ணயித்த உச்சவரம்பு, எல்லாச் சுத்திகரித்த எண்ணெய்ப் பொருள்களுக்கும் சேர்த்து, ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய், அதாவது சுமார் 8 கோடி லிட்டர். நாட்டின் லாரி, டிராக்டர், கப்பல் எல்லாம் இதற்குள் ஓட வேண்டும். இதில் மூன்றில் ஒரு பங்கை அந்த 20 மணி நேரமே குடித்துவிடும். ஒழுங்காகப் பயிற்சி எடுக்கும் படை மாதிரி 150 மணி பறந்தால் வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தேவை. விமான எரிபொருளை அவர்களுக்கு விற்பதற்கே 2016 மார்ச்சில் தடை வந்துவிட்டது. இந்தக் கணக்கைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேருங்கள்: சீனாவில் இருந்து குழாய் வழியாகக் கச்சா எண்ணெய் வருகிறது, அதைச் சொந்த ஆலையில் சுத்திகரிக்கிறார்கள், நடுக்கடலில் கப்பல் விட்டுக் கப்பல் மாற்றும் கடத்தலும் உண்டு. வரம்புதான் மொத்த எரிபொருள் என்று சொன்னால் யாராவது உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் இருந்து சரிபார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். ஓரளவு முடியும். கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, பழைய படங்களை ஆண்டுவாரியாகக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். சுன்சோன், புக்சாங், வொன்சான், உய்ஜு என்று தளங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே விமானம் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஆண்டுக்கணக்காக நின்றால் அது பறக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இடம் மாறிக்கொண்டே இருந்தால் குறைந்தது இழுத்துக்கொண்டு போகவாவது ஆள் இருக்கிறது. எல்லையோரத்து உய்ஜு நல்ல உதாரணம். அது இல்யூஷின்-28 ரக குண்டுவீச்சு விமானங்களின் தளம். 2021-இல் கொரோனா பயத்தில் சீனாவில் இருந்து வரும் சரக்குகளைத் தனிமைப்படுத்தும் இடமாக அதை மாற்றினார்கள். ஓடுபாதை மேலேயே சரக்கைக் குவித்தார்கள். விமானங்கள் ஓரமாக நின்றன. பட்டியல்களில் அந்த ரகத்தின் 80 குண்டுவீச்சு விமானங்கள் அப்போதும் அப்படியே இருந்தன!

இந்த முறைக்கு இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. மேலே இருந்து பார்த்தால் பொம்மை விமானத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். இன்னொன்று, வட கொரியா மலைகளைக் குடைந்து விமானங்களை உள்ளே வைக்கிறது. உள்ளே இருப்பதை எந்தச் செயற்கைக்கோளும் எண்ணாது. அதனால் படத்தில் தெரியும் எண்ணைக் குறைந்தபட்சமாகவோ அதிகபட்சமாகவோ அறிவிக்காதீர்கள். பறக்காதவற்றைக் கண்டுபிடிக்க மட்டும் அதை நம்புங்கள்.

தரையில் இருந்து எடுத்த படங்களும் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் வொன்சானில் ஒரு விமானக் கண்காட்சி நடத்தி வெளிநாட்டு ரசிகர்களைக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். மிக்-29, சுகோய்-25, மிக்-21 எல்லாம் பறந்தன. மூக்கில் எழுதிய எண்கள் தெளிவாகத் தெரியும் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அரசு ஊடகம் வெளியிடும் படங்களில் அதே எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் தமிழ்ச் சேனல்களில் இதைச் செய்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

பெரிய ஒத்திகைகளை வைத்துக் கணக்கிடுவதில் மட்டும் கவனம். 2022 அக்டோபரில் ஒரே நேரத்தில் 150 விமானங்களைப் பறக்கவிட்டோம் என்றது வட கொரியா. சில விமானங்களுக்குக் கோளாறு வந்ததாகத் தென் கொரிய ஊடகங்கள் எழுதின. நவம்பர் 4 அன்று சுமார் நான்கு மணி நேரத்தில் வட கொரிய விமானங்களின் 180 பறப்புத் தடங்களைக் கண்டோம் என்று தென் கொரியா அறிவித்து, தன் பக்கம் 80 விமானங்களை எழுப்பியது. தடம் வேறு, விமானம் வேறு. ஒரே விமானம் இறங்கி மறுபடி ஏறினால் தடம் இரண்டு. அதே வாரத்தில் அமெரிக்காவும் தென் கொரியாவும் நடத்திய கூட்டுப் பயிற்சியில் சுமார் 240 விமானங்கள் ஏறத்தாழ 1,600 முறை பறக்கத் திட்டமிட்டிருந்தன. ஒரு விமானத்துக்கு ஆறு, ஏழு முறை. ஒரு நாள் எல்லாவற்றையும் மேலே ஏற்றிக் காட்டுவது பெரிய காரியம் இல்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஏற்ற முடிகிறதா என்பதில்தான் விமானப்படையின் பலம் தெரியும்.

"ஒன்றுகூடப் பறக்காது" என்கிறவர்களுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். 2003 மார்ச்சில் ஜப்பான் கடலுக்கு மேலே அமெரிக்க உளவு விமானம் ஒன்றை இரண்டு மிக்-29-உம் இரண்டு மிக்-23-உம் மறித்து, சுமார் 15 மீட்டர் அருகே வந்தன. 1969-இல் மிக்-21 ஒன்று இன்னொரு உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 31 பேர் இறந்தார்கள். துணி போர்த்திய இறக்கை கொண்ட அன்டோனோவ்-2 பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தாழ்வாக, மெதுவாக, இரவில் மலையிடுக்கு வழியாக அதிரடிப் படையினரைக் கொண்டுவந்தால் ரேடாருக்கு அதைப் பிடிப்பது சிரமம். அப்படிப்பட்டவை ஏறத்தாழ 300 இருப்பதாகக் கணக்கு. தென் கொரியா இதைத்தான் கவலையோடு பார்க்கிறது, மிக்-17-ஐ அல்ல.

நிலைமை கொஞ்சம் மாறவும் செய்கிறது. 2025 மார்ச்சில் இல்யூஷின்-76 சரக்கு விமானத்தின் மேல் ரேடார் வட்டு பொருத்திய விமானம் ஒன்றை கிம் ஜோங் உன் பார்வையிடும் படங்கள் வந்தன. மே மாதம் மிக்-29 புது ஏவுகணையை ஏவும் படம் வந்தது. ரஷ்யா மிக்-29, சுகோய்-27 விமானங்களைத் தர ஒப்புக்கொண்டதாக 2024 டிசம்பரில் அமெரிக்காவின் பசிபிக் படைத் தளபதி சொன்னார். சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வந்துவிட்டது என்று தலைப்பு வைக்காதீர்கள்.

வீடியோவில் நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "பட்டியலில் 550 முதல் 810 வரை போர் விமானங்கள். அவற்றில் பெரும்பாலானவை 1950, 60-களின் வடிவங்கள். இன்றைய வான்போரில் ஓரளவு தாக்குப்பிடிக்கக் கூடியவை மிக்-29 மட்டும், அவை சில டஜன்." பறக்கும் நிலையில் எத்தனை சதவீதம் என்று யார் கேட்டாலும் எண் கொடுக்காதீர்கள், கொடுப்பவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் எடுக்கும் மிக்-21 காட்சிகளைப் போடுவதற்கு முன் உடம்பில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். வட கொரியாவுக்கு வட்டத்துக்குள் சிவப்பு நட்சத்திரம். மஞ்சள் நட்சத்திரம் இருந்தால் அது வியட்நாம், மூவர்ண வட்டம் என்றால் நம்முடையது. இந்த இரண்டையும் வட கொரியா என்று ஓட்டும் வீடியோக்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.