சும்மா படுத்தா ஏன் உறுத்துது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்க எழுத்த ரெண்டு வருஷமா படிக்கிறேன், கடிதம் போடுறது இதான் மொத தடவை. கோயமுத்தூர்ல ஐடி வேலை, வயசு 36. இந்தப் பொங்கலுக்கு சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு கெடச்சுது, குடும்பத்தோட ஊருக்குப் போனேன். மாட்டுப்பொங்கல் அன்னிக்குக் காலைல அம்மா குடுத்த காபியக் குடிச்சிட்டு வேப்பமரத்தடில கயித்துக்கட்டில்ல படுத்தேன். அரை மணி நேரம் கூட தாங்கல. ஏதோ தப்புப் பண்ற மாதிரி உள்ள அரிக்குது. எந்திரிச்சுப் போயி லேப்டாப்ப எடுத்து, காசு கட்டிட்டு பாக்காமலே வச்சிருந்த ஒரு ஆன்லைன் கோர்ஸப் பாக்க ஆரம்பிச்சுட்டேன். மாட்டுக்கே அன்னிக்கு லீவுக்கா, எனக்கு இல்ல. குற்ற உணர்ச்சி இல்லாம சும்மா இருக்குறதுக்கு ஏதாச்சும் டெக்னிக் இருந்தா சொல்லுங்க.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்க மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, லேட்டானதுக்கு மன்னிக்கணும். சும்மா இருக்குறதுக்கு டெக்னிக் கேட்டீங்க பாருங்க, அதப் படிச்சிட்டு சிரிச்சுட்டேன். குடுத்தா அதுக்கும் ஒரு கோர்ஸ் போட்டு சர்டிபிகேட் வாங்கிருவீங்க.

எங்கப்பா கதையச் சொல்றேன். காஞ்சிபுரத்துல நெசவு, வீட்டுக்குள்ளயே குழித்தறி. எங்க பக்கம் அமாவாசைன்னா தறி நிக்கும், தெருவுல மத்த நாளெல்லாம் விடிஞ்சதுல இருந்து ஓயாம கேக்குற தறிச்சத்தம் அன்னிக்கு இருக்காது, காதுல ஏதோ அடச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். அப்பா குளிச்சு, சாமி கும்பிட்டுட்டு திண்ணைல வந்து உக்காருவாரு. கொஞ்ச நேரத்துல அவரோட வலது கால் தானா ஆட ஆரம்பிக்கும், தறிய மிதிக்கிற அதே தாளத்துல. அவருக்கே தெரியாது. நாங்க புள்ளைங்க அதப் பாத்து சிரிப்போம். கால் மட்டும் லீவுல இல்ல.

அவருக்காவது உறுத்துறதுக்கு நியாயம் இருந்துச்சு. நெசவுக் கூலி புடவைக்கு இவ்வளவுன்னுதான், உக்காந்த நாளுக்குக் காசு கெடையாது. 1948ல வந்த ஃபேக்டரி சட்டத்துல வருஷத்துல 240 நாள் வேலை பாத்தவங்களுக்கு 20 நாளுக்கு ஒரு நாள்னு சம்பளத்தோட லீவு இருந்துச்சு, ஆனா அது ஃபேக்டரிக்கு, வீட்டுத் தறிக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை லீவே சும்மா வரல தம்பி. பம்பாய் மில் தொழிலாளிங்க நாராயண் மேகாஜி லோகாண்டேன்னு ஒருத்தர் தலைமைல வருஷக்கணக்கா கேட்டு 1890லதான் அது கெடச்சுது. அவங்க சண்டை போட்டு வாங்கினத நீங்க லேப்டாப்போட கொண்டு போயி திருப்பிக் குடுக்குறீங்க. மாசம் பொறந்தா சம்பளம் அக்கவுண்ட்ல விழுது, கட்டில்ல படுத்ததுக்காக ஒரு ரூபா கொறையல, அப்புறம் எதுக்கு அரிக்குது?

நான் யோசிச்ச வரைக்கும், ஓய்வ நாம கூலியா நெனச்சுப் பழகிட்டோம். நல்லா உழைச்சாத்தான் படுக்கலாம், இல்லன்னா படுத்தது நாளைக்கு நல்லா உழைக்கவாவது உதவணும். அஞ்சு வயசுலயே சோம்பித் திரியேல்னு ஆத்திசூடி மனப்பாடம் பண்ணின ஜனங்க நாம. படுக்குறதுக்குக் காரணமே வேணாம்னு யாரும் நமக்குச் சொல்லித் தரல. ஒரே ஒரு நாள் விதிவிலக்கு, சரஸ்வதி பூஜை. புஸ்தகத்த எல்லாம் பூஜைல வச்சிட்டு இன்னிக்குப் படிக்கக்கூடாதுன்னு பெரியவங்களே சொல்லுவாங்க, அப்பப்பா, அந்த சந்தோஷம்! சாமியே லீவு விட்டாச்சு, யாரக் கேக்கணும். 2012ல கரண்ட் கட் அடிச்சப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான், எங்க ஊர்லல்லாம் பாதி நாள் கரண்ட் இருக்காது, சாயந்திரம் தெருவே வாசப்படில உக்காந்து பேசிட்டிருக்கும், ஒருத்தர் மூஞ்சிலயும் உறுத்தல் இல்ல, ஏன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. (விசைத்தறிக்காரங்க அப்ப பட்ட பாட்ட மறந்துட்டுப் பேசல.) அப்ப, அடுத்தவன் ஓடிட்டே இருக்கான், நாம மட்டும் படுத்திருக்கோம்ங்கிறதுதான் பாதி வியாதி. ஊருல இருந்த அந்த நாலு நாளும் ஆபீஸ் வாட்சப் குரூப்ப எத்தன தடவ தொறந்தீங்கன்னு எண்ணிப் பாருங்க.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. எங்கப்பா திண்ணைல கால ஆட்டிட்டு இருந்த அந்த அமாவாசைல எங்கம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்க? மத்த நாள்ல தார் சுத்துவாங்க, அதாவது தறிக்கு நூல் சுத்திக் குடுப்பாங்க, சமைப்பாங்க. அமாவாசைல தார் கெடையாது, அதுக்குப் பதிலா செத்துப்போன தாத்தா பாட்டிக்கெல்லாம் படையல், வாழைக்காய் பொரியல், வடை, பாயசம், வீட்டக் கழுவி விடுறது வேற. தறிக்கு லீவு, அடுப்புக்கு டபுள் டூட்டி. எனக்கு அம்பது வயசு ஆனப்புறம்தான் இது ஒறச்சுது.

உங்க கடிதத்துல ஒரே ஒரு எடத்துல அம்மா வர்றாங்க, காபி டம்ளரோட. உங்க மனைவி வரவே இல்ல. மாட்டுப்பொங்கல் காலைல அந்த ரெண்டு பேரும் எங்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால உங்க அரிப்புல ஒரு பங்கு நெசமானது, அத மட்டும் வெரட்டாதீங்க. ஆனா அதுக்கு மருந்து ஆன்லைன் கோர்ஸ் இல்ல, தேங்கா துருவுறது. அந்த வேலைய முடிச்சிட்டு ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிட்டு அப்புறம் போயி கட்டில்ல படுங்க. மிச்சம் இருக்குற அரிப்பு ஆபீஸ் அரிப்பு, அத சொறியாம விட்டா ஒரு மணி நேரத்துல தானா அடங்கிரும். எனக்கு ரிட்டயர் ஆன புதுசுல அது அடங்க மூணு மாசம் ஆச்சு, டீச்சர் இல்லையா, ஓய்வுக்கும் டைம்டேபிள் போட்டு செவுத்துல ஒட்டி வச்சிருந்தேன்.

போன் கைல இருந்தா அது படுத்த கணக்குல சேராது, அதையும் சொல்லிடுறேன்.

அடுத்து சித்திரை ஒண்ணு வருது. ஊருக்குப் போவீங்கன்னு நெனைக்கிறேன். பச்சடிக்கு மாங்காய நீங்க நறுக்குங்க, வேப்பம்பூவ நீங்க ஆஞ்சு குடுங்க. கயித்துக்கட்டில்ல மொதல்ல அம்மா படுக்கட்டும்.

அன்புடன்,
அக்கா